குடத்துக்கு ஒரு புள்ளடி

யான்பு
அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மரியம்,

அல்லாஹ்வின் சாந்தி உனக்கும் நம் மகள் சப்ரீனாவுக்கும் உண்டாகட்டும். நான் சுகமாக இருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனிசனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து உன் போன் ஊர்ப் போனாகிவிட்டதே புள்ள! முந்தாநாள் அழைத்தபோது யாரோ ஒரு இளந்தாரி எடுத்து, "ராத்தா கூட்டத்துல நிக்கிறா. நீங்க எந்த வட்டாரம்?" என்று கேட்டான். யான்பு என்றேன். "அது எந்தப் பக்கம் காக்கா?" என்றான். நான் என்ன சொல்வது? பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்து ரூம்காரர் லீவில் கொழும்புக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை வேறு யாரும் இடையில் எடுத்துப் பேச முடியாது.

நீ முதலில் சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. "மச்சான், நான் எலக்சன் கேக்கப் போறன். சதக்கத்துல்லா சேர் வந்து கேட்டவர். பட்டியல்ல ஒரு பொம்பிளையும் வேணுமாம்" என்றாய். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மரியாதையான மனிசன், குடம் சின்னத்தில் சுயேச்சைக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறார், பட்டியலை நிரப்ப ஒரு பெயர் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பாய் என்றுதான் எல்லோரும் எண்ணியிருப்பார்கள், சேர் உட்பட. நீயோ வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாயாம். ஃபாரூக்கின் மனைவி அவனிடம் சொல்லி, அவன் என்னிடம் சொன்னான்.

ஃபாரூக் நம் ஊர்க்காரனாக இருந்தாலும் பெரிய கட்சிக்காரன். தன் தலைவரின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். ஒரே ரூமில் இருந்துகொண்டு ஒரு வாரமாக நாங்கள் அரசியல் பேசாமல் தேநீர் குடிக்கிறோம். மூன்றாவது கட்டில் கார்மேகம் அண்ணனுக்கு, அவர் ராமநாதபுரத்துக்காரர், நம் தேர்தல் புரியவேயில்லை. அவர்கள் ஊரில் ஒரு தொகுதி, ஒரு ஆள், அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி. நான் பேப்பரில் கீறிக் காட்டினேன். முழு மாவட்டமும் ஒரே களம். முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. பிறகு அந்தப் பட்டியலுக்குள்ளேயே விரும்பிய மூன்று பேரின் இலக்கங்களுக்குப் புள்ளடி. வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் கிடைக்கும். பட்டியலுக்குக் கிடைத்த ஆசனத்தில் விருப்பு வாக்கு கூடியவர் போய்க் குந்துவார். நூற்றுக்கு ஐந்துகூட எடுக்காத பட்டியலுக்கு ஒன்றுமில்லை, அதுதான் வெட்டுப்புள்ளி. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "அப்ப வெளியில எதிரியத் தோக்கடிக்கணும், உள்ள கூட நிக்கிறவனையும் தோக்கடிக்கணும். உங்க வீட்டம்மா பாவம் தம்பி."

அது என் மனதில் தங்கிவிட்டது. ஊரில், "புருசன் சவூதியில, பெண்டாட்டி மேடையில" என்று சிலர் பேசுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்காக நீ வீட்டுக்குள் இருக்க வேண்டாம். இருட்டும் முன் மட்டும் வீடு வந்து சேர். பகல் சோற்றைத் தவறவிடாதே. சப்ரீனாவின் பாடங்களை உன் கூடப்பிறந்த காக்கா ஹஸ்னைன் பார்த்துக்கொள்கிறார் என்று அறிந்து சந்தோஷம்.

இங்கே ஷட்டவுன் வேலை தொடங்கிவிட்டது. ரிஃபைனரியை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். கேம்ப்பில் ஆட்கள் இரண்டு மடங்கு, ஏசி மெஷின்கள் அத்தனையும் என் தலையில். கூரையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். நம் கடலைப் போலச் சத்தம் போடாது. சும்மா கிடக்கும்.

உன் இலக்கம் ஏழு என்று தெரிந்துகொண்டேன். அதையும் ஃபாரூக்தான் சொன்னான்.

ரப்பு உன் கால்களுக்குப் பெலத்தைத் தரட்டும்.
உன் உஸைர்


யான்பு
நவம்பர், தேர்தலுக்கு முந்திய வாரம்

அன்பின் மரியம்,

ஸலாம். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வேலைக்குப் போய்வந்து, குளித்து, தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஃபாரூக் தன் தலைவரின் பேச்சைத் தேடிக்கொண்டிருந்தவன், "டேய் உஸைர், இஞ்ச பாரு, மரியம் பேசுறா" என்று போனை என் தட்டுக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தான். சந்தைக்கு முன்னால் மேடை. நீ இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்திருந்தாய். குரல் தெளிவாக வந்தது.

"நம்மட ஆஸ்பத்திரியில பிரசவ வார்டப் பூட்டினவங்க, பெரிய ரோட்டால டவுனுக்குப் போயிரலாம் எண்டாங்க. ஓம், போகலாம். எண்ட புள்ள ஆம்புலன்சுலதான் பொறந்தா. பாலம் வரைக்கும் உசிரோட வந்தா. கண்ண முழிச்சா. எண்ட விரலப் புடிச்சா. காதுல ஹிஃப்ஸா எண்டு பேர் சொன்னன். பாலத்தத் தாண்டக்குள்ள அந்தப் புடி விட்டுப் போச்சி. இண்டைக்கு வரைக்கும் அந்த வார்டுக் கதவு பூட்டித்தான் கெடக்கு. அதத் தொறக்கிறத்துக்குத்தான் நான் நிக்கிறன். வேற ஒண்டும் எனக்குத் தெரியா."

மெஸ்ஸில் எத்தனையோ பாஷைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார்மேகம் அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கிளாசில் தண்ணீர் ஊற்றினார். ஃபாரூக் கையைக் கழுவப் போனவன் திரும்பி வரவில்லை.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு, மரியம். பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லை என்றுதான் ஹஸ்னைன் மச்சான் சொன்னார். அன்றே அடக்கிவிட்டோம், நீ ஓடிவந்தும் முகம் பார்க்கக் கிடைக்காது, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். நீ போனில் அழுதாய், நானும் அழுதேன். அந்த அழுகையோடு அது முடிந்தது என்று ஒன்றரை வருடமாக நினைத்திருந்தேன்.

கோபமென்று நினைக்காதே. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்குகிறது. சொல்லிவிட்டு நீ போனை வைத்த பிறகு, இந்த ரூமில் நான் தனியாக என்ன செய்வேன் என்று யோசித்திருப்பாய். அந்த யோசனை சரிதான். ஆனாலும் எனக்கு ஒரு மகள் கொஞ்ச நேரம் இருந்தாள் என்பதைச் சந்தையில் நின்ற சனத்தோடு சனமாகத்தானே நானும் கேட்டேன். அவள் உன் விரலைப் பிடித்திருந்த அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. ஏதாவதொரு கூரையில் ஏதாவதொரு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று மாலை ஃபாரூக் கட்டிலில் இருந்தபடியே வீட்டுக்குப் போன் எடுத்தான். "இந்த முற குடத்துக்குப் போடு. வீட்டுல எல்லாருக்கும் சொல்லு. காரணம் கேக்காத" என்று வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. தலைவரின் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் மாவட்டத்துப் பொடியன்கள் கடற்கரைப் பூங்காவில் கூடுவார்கள். எங்கள் யாருக்கும் வாக்கில்லை. விமானம் ஏறினவன் கையில் புள்ளடி இல்லை. இருந்தும் ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போன் எடுத்துக் கட்சி நடத்துகிறான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்றைக்கு எழுந்து நின்று பேசினேன். "என் மனிசிக்காகக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். குடத்துக்கு ஒரு புள்ளடி போடச் சொல்லுங்கள்" என்றேன். சிலர் அங்கேயே போனை எடுத்தார்கள். சிலர் கடலைப் பார்த்தார்கள்.

உன் சுவரொட்டியில் ஏழாம் இலக்கத்தை மட்டும் சாணி பூசி மறைத்திருந்ததாக நீ குரல் பதிவில் சொன்னாய். எதிர்க் கட்சிக்காரனுக்கு ஒரு இலக்கத்தை மட்டும் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் பட்டியலுக்குள்ளேயே யார் செய்திருப்பார்கள் என்று உனக்கே தெரியும். சதக்கத்துல்லா சேர் தன் ஊரில் தன் இரண்டாம் இலக்கத்தோடு ஏழுக்கும் போடச் சொல்வார் என்றும், நம் ஊரில் நீ ஏழோடு இரண்டுக்கும் போடச் சொல்வாய் என்றும் உங்களுக்குள் பேச்சு. நீ உன் வாக்கைக் காப்பாற்று. அவருடையதை அவர் பார்த்துக்கொள்வார்.

உன் நாவிலிருந்து வரும் உண்மைக்கு அல்லாஹ் துணை.
உஸைர்


யான்பு
நவம்பர் கடைசி

என் மரியம்,

அல்ஹம்துலில்லாஹ். எந்த முடிவுக்கும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முடிவு வந்தது வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லாத நாள். காலையிலிருந்து ரூமில் எட்டுப் பத்துப் பேர். பெரிய கட்சிகள் ஆசனங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. கடைசி ஒரு ஆசனம் மீதி வாக்குக் கணக்கில் குடத்துக்கு வந்தது. வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டியிருந்தோம். ஃபாரூக் என்னைத் தூக்கிவிட்டான். கார்மேகம் அண்ணன் எல்லோருக்கும் பழரசம் வாங்கிவந்தார். ஆசனம் குழுவுக்குத்தான், ஆள் யாரென்று இன்னும் தெரியாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

விருப்பு வாக்கு பகலில் வந்தது. சேர் முதலாவது, நீ இரண்டாவது. ஊர் ஊராகப் பார்த்தவர்கள் எனக்கு விளக்கினார்கள். நம் ஊர்ச் சனம் சொன்ன சொல் தவறாமல் ஏழுக்கும் இரண்டுக்கும் புள்ளடி போட்டிருக்கிறது. அவர் ஊரில் இரண்டுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் விழுந்த வாக்கு இல்லாவிட்டால் குடம் வெட்டுப்புள்ளியிலேயே உடைந்திருக்கும். அதில் ஏறித்தான் சேர் பாராளுமன்றம் போகிறார். பொடியன்கள் கொதித்தார்கள். ஒருவன் சேரைத் திட்டி வீடியோ போடப் போனான், நான்தான் தடுத்தேன். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் ரூம்களுக்குப் போய்விட்டார்கள். பழரசக் கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டு உனக்கு அழைத்தேன். லைன் கிடைக்கவேயில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோற்றுவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு மூலையில் ஆறுதல் வந்தது. இனி போனை நீயே எடுப்பாய், மாலையில் பழையபடி சப்ரீனாவின் குறும்புகளைச் சொல்வாய் என்று நினைத்தேன். அடுத்த நாள் அழைத்தேன். மீண்டும் அதே இளந்தாரி. "ராத்தா சேர்ட வீட்ட போயிருக்கா, ஊரே பின்னால போயிருக்கு" என்றான். சண்டைக்குத்தான் போயிருக்கிறாய் என்று பயந்துபோனேன்.

நடந்ததை ஹஸ்னைன் மச்சான் சொன்னார். மாலையோடு வாசலுக்கு வந்த சேருக்கு நீ ஸலாம் சொல்லிவிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னாயாம்: "சேர், உங்களுக்கு முபாரக். எங்கட ஊர்ச் சனம் உங்களுக்கும்தான் போட்டிச்சி. நீங்க பாராளுமன்றத்துல மொத நாள் வாய் தொறக்கக்குள்ள வார்டப் பத்திக் கதைக்கணும். நான் சனம் பாக்குற கலரியில வந்து குந்திக் கேப்பன்." சேர் தலையைக் குனிந்துகொண்டு, "கட்டாயம் மகள், கட்டாயம்" என்றாராம். பின்னால் நின்ற சனம் உன்னோடு திரும்பி நடந்ததாம்.

அதைக் கேட்டபோதுதான் உன் போன் இனி எனக்குத் திரும்பி வராது என்று விளங்கியது. ஊரையும் சேர்த்துத் தோற்றிருந்தால் வந்திருப்பாய். ஆசனம்தான் போனது, ஊரை நீ தோற்கவில்லையே. ஊர் உன்னைத் தேடிவரும், வரட்டும். பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமையை வைத்துக்கொண்டு தனியாக ஒரு ரூமில் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமே.

ஷட்டவுன் முடிந்தது, லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வருகிறேன். எனக்கு வரவேற்புக் கொடுக்கக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் நிறைய ஆட்கள் வரப்போவதாக ஃபாரூக் சொன்னான். வேண்டாம் மரியம். மாலை, பட்டாசு ஒன்றும் வேண்டாம். சப்ரீனாவைக்கூட அன்றைக்கு உம்மாவிடம் விட்டுவிடு. நீ மட்டும் வா. அந்த ஒரு நாளுக்கு உன் போனை ஹஸ்னைன் மச்சான் கையில் கொடுத்துவிட்டு வா.

ஊருக்குள் வந்ததும் நேரே வீட்டுக்குப் போக வேண்டாம். மையவாடிப் பக்கம் வேனை நிறுத்தச் சொல்லலாம். பிள்ளையை வைத்த இடத்தை மச்சானிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லும்போது அவர் அழுதார். உயிரோடு பிறந்த பிள்ளைக்குரிய ஜனாஸாத் தொழுகை நடத்தியதையும் அப்போதுதான் சொன்னார். நம் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. இத்தனை நாளும் நீ அந்த மதிலுக்கு வெளியே நின்றுதான் துஆக் கேட்டிருப்பாய். அன்றைக்கும் வெளியிலேயே நில். நான் உள்ளே போய் நம் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன். அந்த ஆம்புலன்சில் நீ பார்த்ததை எனக்குச் சொல்.

யா அல்லாஹ், அதுவரைக்கும் எங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திரு.

உன்
உஸைர்