திருமுழுக்குச் சட்டையின் அளவு

ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்

அன்பின் மெறீனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீரும் மகளும் சுகம்தானே? மாமியின் முழங்கால் வலி எப்படி?

என்னோடு வேலை செய்யும் யூட் அண்ணையின் மகனுக்கு ஞாயிறு திருமுழுக்கு. நான்தான் ஞானத்தகப்பன். வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கிப் போனேன். அவர் மனைவி விரித்துப் பார்த்தார்.

"தம்பி, இது பிறந்த பிள்ளைக்குத்தான் காணும். இவனுக்கு எட்டு மாசமெல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடையில் கைகளை விரித்துத்தான் அளவு காட்டியிருந்தேன். நான் புறப்பட்ட அன்று நம் மகள் அந்த அளவுதான் இருந்தாள். அவளுக்கும் இப்போது எட்டு மாதம். அவளுடைய திருமுழுக்கையும் போனில்தான் பார்த்தேன்.

சட்டையை மாற்றிவிட்டேன், யோசிக்க வேண்டாம். மகளின் பாதத்தைத் தாளில் வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கீறி அனுப்பும். சப்பாத்து வாங்க வேண்டும். படம் எடுத்து அனுப்ப வேண்டாம். தாளையே தபாலில் போடும்.

பஸ் வருகிறது.

உமது
ரெக்சன்