பாதிப் பாட்டில் ஒரு பொன்னாடை

பிரன்ஸ்விக், மெல்பேர்ன்
14.05.2011

அன்புள்ள அப்பா,

போனில் என் குரல் கேட்டவுடன் "இந்தா, அம்மாவோட கதை" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பார்மசிப் படிப்பை விட்டு ஒரு வருடமாகிறது. காலையில் கோப்பிக் கடையில் வேலை. பின்னேரம் அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவே நின்று பாடிப் பதிவு செய்கிறேன், எதிரொலி வராது. கீபோர்டும் தாளமும் கணினியில் நானே சேர்க்கிறேன். இப்போது ரேடியோவில் என் பாட்டுப் போகிறது, அப்பா! ஜூன் 18 இங்கே ஒரு பப்பில் முதல்முறையாக என் பெயரில் நிகழ்ச்சி. நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் பிரியந்தினி

நார்த்மீட், சிட்னி
24.05.2011

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? கோப்பியை மட்டும் குடித்துக்கொண்டு திரியாதே.

கோபாலகிருஷ்ணன் அங்கிள் உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "பார்மசி கடைசி வருஷம்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அவருடைய மகளின் அரங்கேற்றத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டியவன் நான். என் மகள் குடிக்கிற இடத்தில் பாடுகிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? நான் வரமாட்டேன். அம்மா உனக்கு ஸ்வெட்டர் அனுப்புகிறாள்.

அப்பா

நார்த்மீட்
22.06.2011

பிள்ளை,

என்னோடு கோபிக்காதே. உன் நிகழ்ச்சியைக் குழப்பிவிட்டேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் நானும் கோபாலகிருஷ்ணனும் காரில் போகும்போது ரேடியோவில் உன் பாட்டு. "ஆர் இந்தப் பிள்ளை? நல்ல குரல்" என்றார். என் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நோட்டீசில் ஏழு மணி என்றிருந்தது, வேட்டியோடு ஏழுக்கே நின்றேன். நீ பாட ஒன்பதாகும் என்று யார் கண்டது? இடைவேளைக்கென்று அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸை வாசலில் நின்ற பெடியள் தின்று தீர்த்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் நிறுத்தினாய். தண்ணீர் குடிக்கத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அரங்கேற்றம்போல, பொன்னாடை போர்த்தும் நேரம் என்று நினைத்து மேடையேறி, கொண்டுவந்ததை உனக்குப் போர்த்திவிட்டேன். மைக்கையும் பிடித்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து உடனே புறப்பட்டோம். வழியெல்லாம் கோபாலகிருஷ்ணன் உன் பாட்டைத்தான் முணுமுணுத்தார்.

அப்பா

பிரன்ஸ்விக்
30.06.2011

அன்புள்ள அப்பா,

கோபமா? பொன்னாடையைக் கழற்றாமலே மிச்சப் பாட்டெல்லாம் பாடினேன். அதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்றுதான் கோபம்.

அன்றைய நிகழ்ச்சி முழுவதும் ஒலிப்பதிவாகியிருக்கிறது. நீங்கள் பேசியதும் அதில் இருக்கிறது: "கோபாலகிருஷ்ணன், இவ பார்மசி படிக்கேல்லை. நான் பொய் சொன்னனான். இவ பாட்டுக்காரி. என்ர மகள்." ஒரு சொல்லும் விளங்காமல் சனம் கைதட்டுகிறது. எனக்கு விளங்கியதால் அடுத்த வரி வரவில்லை.

அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னார்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள். முடியாது என்றுவிட்டேன். என் முதல் இசைத்தட்டு உங்கள் குரலோடுதான் தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் எடுப்பேன். அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பாட்டுக்காரி