சூடானால் ஸ்டார்ட் ஆகாத வண்டி

பிப்ரவரி 17, திங்கள்
இன்றும் அதே கதை. காலையில் ஒரே சாவியில் கிளம்பி நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒழுங்காக ஓடிய வண்டி, இவருக்குத் தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்து வெளியே கூட்டி வருவதற்குள் செத்துக் கிடக்கிறது. இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. கள்ளச் சனியன்!

பிப்ரவரி 19
“ஒர்க்‌ஷாப்ல விடுவோமா?” என்றேன். முறைத்தார். குரல் போய்விட்டது, டாக்டரும் பேசக்கூடாது என்றிருக்கிறார். இருந்தாலும் வெறும் காற்றாக, “என் வண்டிக்கு நான் உண்டு” என்றார். விசைப்படகில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் கரையிலிருந்து யார் வருவார்? தானே பார்த்துப் பழகிய ஆள்.

படகில் டீசல் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும். இதுவும் அதுதானாம். பானெட்டைத் திறந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் பம்பை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். சேலையெல்லாம் டீசல். நாளைக்கு வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும்.

பிப்ரவரி 25
ஏர் இல்லை. இன்று டீசல் பம்பின்மேல் ஈரத் துவர்த்துத் துணி போடச் சொன்னார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் போடுவதுபோல. அதற்கும் மசியவில்லை.

ஆனால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணை மூடி யோசித்துக்கொண்டே, நான் நீட்டிய கஞ்சியை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டார். வலியையே மறந்துவிட்டார் போல.

மார்ச் 4
என்ன வெயில்! வண்டி ஆறுகிற வரைக்கும் டேஷ்போர்டில் தலை சாய்த்துக் கிடந்தார். கழுத்துத் தோல் கருகிப் போயிருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை. இனி முடியாது.

மார்ச் 5, சாம்பல் புதன்
கோயிலில் சாம்பல் பூசிவிட்டு, மார்க்கெட் போவதாக இவரிடம் பொய் சொல்லி, கருங்கலில் செல்வதாஸின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். “க்ராங்க் சென்சாராக்கும் டீச்சர். இஞ்சின் சுத்துதுன்னு வண்டிக்க கம்ப்யூட்டருக்குச் சொல்லுற சாமான். சூடானா செத்துப்போவும், ஆறினா உயிர்த்தெழும்.”

“இன்னைக்கு நாளும் அதுவுமா, வாயைக் கழுவுலே” என்றேன். புதியது மாட்டினான்.

மார்ச் 6
ஆஸ்பத்திரி வாசலில் ஒரே சாவி. கிளம்பிவிட்டது. இவர் என்னையே பார்த்தார். “ஆண்டவர் கண்ணு தொறந்துட்டாரு” என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் 7
வரமாட்டேன் என்று தலையாட்டினார். கெஞ்சினேன், சத்தம் போட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பாதி சிகிச்சையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது இவருக்கும் தெரியும்.

மார்ச் 8
கஞ்சி வைத்தது வைத்தபடி. நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்? அதை யோசிச்சியளா மனுசா?

நான் என்ன வேலை செய்துவிட்டேன் — மருந்தை அல்லவா பிடுங்கிவிட்டேன்? பழுதைத் தேடுகிற வரைக்கும் இவர் இஞ்சின் டிரைவர். இப்போது வெறும் நோயாளி.

சாயங்காலம் மறுபடியும் கருங்கல். செல்வதாஸ் வாயைப் பிளந்தான். “நல்ல சாமானைக் கழட்டிட்டு கெட்டதைப் போடணுமா? டீச்சருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா?”

“ஆமா மக்கா. போடு.”

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து வந்து, கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன்: “கோயில்ல வச்சு வண்டி திரும்பவும் ஸ்டார்ட் ஆகல்ல.”
சுவரிலிருந்து திரும்பினார்.

மார்ச் 10
வந்தார்! கதிர்வீச்சு முடிந்து வெளியே வந்தால் வண்டி பிடிக்கவில்லை. கெட்டுப்போன வண்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரு தடவை முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார். மீட்டரில் ஆர்.பி.எம். முள்ளைக் காட்டினார். இஞ்சின் சுற்றுகிறது, முள் அசையாமல் கிடக்கிறது. காலையில், வண்டி ஆறியிருந்தபோது, சாவியைத் திருப்பியதும் துள்ளியதே!

“இஞ்சின் சுத்துறதை கம்ப்யூட்டர் காணல்ல ஏட்டி” என்றார், காற்றாக.

அழுகை வந்துவிட்டது. டீசல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

மார்ச் 11
சாமான் வாங்க, கருங்கலுக்கு விடச் சொன்னார். செல்வதாஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இவரே ஸ்பேனர் பிடித்துப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். “அண்ணன் எப்பிடிக் கண்டுபிடிச்சிய?” என்று அவன் நடித்த நடிப்பில் எனக்குச் சிரிப்பு வந்து, வெளியே போய் நின்றுகொண்டேன்.

இரண்டு டம்ளர் கஞ்சி.

மார்ச் 28
கடைசிக் கதிர்வீச்சு. அந்தத் திங்களுக்குப் பிறகு ஒருநாள்கூட விடவில்லை.

ஏப்ரல் 22
டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். கட்டி இருந்த இடம் சுத்தமாக இருக்கிறதாம். மூன்று மாதம் கழித்து வந்தால் போதும். பேசலாமாம்.

தக்கலையில் நிறுத்தி இளநீர் குடித்தோம். கொதிக்கிற இஞ்சின், தொட்டதும் கிளம்பியது. கொஞ்ச தூரம் வந்ததும் இவர் தொண்டையைச் செருமினார்.

“ஏட்டி, அந்த போல்ட்டு.”

கரகரவென்று, ஆனால் குரல். இவர் குரல்.

“எந்த போல்ட்டு?”

“வருசக்கணக்கா கெடந்த போல்ட்டு, ஸ்பேனர் வச்ச உடனே இளகுமா? பழசைத் திரும்ப மாட்டச் சொன்னது நீதானே?”

கியரில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார், எடுக்கவில்லை. கருங்கல் வரைக்கும் மூன்றாம் கியரிலேயே வந்தேன்.