மூன்றாம் மாடிப் பால் போத்தல்

1974 மார்ச் 12, செவ்வாய்

இன்றைக்கும் குளிக்கும் அறைத் துவாரத்தில் மயிர். மஞ்சள், செம்பட்டை, இடையில் ஒரு கற்றை கறுப்பு. கறுப்பு என்னுடையதாக இருக்கலாம், இல்லையென்று சாதிக்கமாட்டேன். தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நின்றது. துப்புரவு செய்யும் மிஸிஸ் ஸ்டாவ்ரூ எட்டு மணிக்குத்தான் மேலே வருவா. அதற்கு முதல் எது அடைத்தாலும், எது உடைந்தாலும், யார் சத்தி எடுத்தாலும் இந்தப் பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடிக்குப் பொறுப்பான ரியூட்டர், நான்தான் பார்க்கவேண்டும். பேருக்கு ரியூட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மெல்பேர்ண் வந்தவள், காலமை ஏழு மணிக்குப் பழைய பேனையை விட்டு வெள்ளைக்காரப் பெட்டைகளின் மயிரை இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமை பியர் பார்ட்டி. ஞாயிறு காலை முகம் கழுவும் தொட்டி ஒன்றில் குடித்தது தின்றது அவ்வளவும் சத்தியாகக் கிடந்தது. பக்கத்துத் தொட்டியில் ஒருத்தி ஆறுதலாகப் பல் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு குட் மோர்னிங் வேறு சொன்னாள். அரியண்டம்.

புலமைப்பரிசில் போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. இந்த வேலைக்குத் தரும் அறையும் சாப்பாடும் இல்லையென்றால் ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு மயிர் இழுக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

திரும்பவும் ஆட்டிறைச்சி. தட்டிலேயே கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இறைச்சியை எடுத்துவிட்டு, அது கிடந்த அதே தட்டில் கரட்டைத் தந்தார்கள்.

மார்ச் 18, திங்கள்

ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை, பெயர் சந்திரகலா. விசா பிந்தி இரண்டு கிழமை தாமதமாக வந்திருக்கிறாள். பார்மசி முதலாம் வருடம், பதினெட்டு வயது. என்னைக் கண்ட உடனேயே அக்கா. பெட்டி திறக்க அக்கா, கட்டிலில் விரிப்பு எந்தப் பக்கம் என்று கேட்க அக்கா. பக்கத்தை விட்டு அசைகிறாள் இல்லை.

மலேசிய அரசாங்கம் படிக்க அனுப்பியிருக்கிறது. முதல் வருடம் விடுதியில்தான் இருக்கவேண்டும், விடுதியிலிருந்து விலக்கினால் உடனே திருப்பி அழைத்துவிடுவார்களாம். கடிதத்தைக் காட்டினாள். தகப்பன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தது இவள்தான்.

பின்னேரம் கக்கூஸ் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, இங்க தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

எனக்கு விளங்கியது, உள்ளே பேப்பர் மட்டும்தான், கழுவத் தண்ணீர் இல்லை. விளங்காத மாதிரி, இங்கே பைப்புத் தண்ணியைக் குடிக்கலாம், சுடவைக்கத் தேவையில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருடமாக ஒருத்தருக்கும் சொல்லாததை ஒரு சின்னப் பெட்டைக்குச் சொல்ல வெட்கம், வேறென்ன.

மார்ச் 26, செவ்வாய்

அழிந்தேன்.

காலமை ஏழே முக்காலுக்கு நெருப்பு மணி அடித்தது. கீழே எவளோ டோஸ்டரில் பாணைக் கருக்கியிருக்கிறாள். நான் அப்போது கடைசிக் கக்கூஸில். மணி அடித்தால் ரியூட்டர் பெயர் இடாப்பை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும், புல்வெளியில் நின்று இருபத்தாறு பேரையும் எண்ணவேண்டும். ஓடினேன். எண்ணினேன். இருபத்தைந்துதான் வந்தது. ஒருத்தி தலையில் சவர்க்கார நுரையோடு கடைசியாக வந்து சேர்ந்தாள். எல்லாம் முடிந்து மேலே ஏறி வரும்போது மிஸிஸ் ஸ்டாவ்ரூ கையில் என்னுடைய போத்தல்.

பால் போத்தல். ஒரு பைந்து, அரை லீட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். இரண்டு வருடமாக ஒரே போத்தல்தான். துவாயில் சுற்றிக்கொண்டு போவேன், துவாயில் சுற்றிக்கொண்டு வருவேன், என் அலுமாரிக்குள் வைப்பேன். ஒருநாளும் மறந்ததில்லை. இன்றைக்கு மறந்தேன், பாதித் தண்ணீரோடு.

நடையில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பெவர்லி மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரோ பால் போத்தலுக்குள் மூத்திரம் பெய்து வைத்திருக்கிறாள் என்றாள். இரண்டாம் வருடச் சட்டம் படிக்கிறவள், மாடியின் பிரதிநிதி. மற்றவளுகள் ஓங்காளித்தார்கள். எங்கள் சின்னக் குசினியில் வைக்கும் வெறும் போத்தல்களைப் பால்காரன் கொண்டுபோய்க் கழுவி, திரும்பப் பால் நிரப்பித் தருகிறவன். அதை நினைத்துத்தான்.

அது தண்ணீர், வெறும் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. "வோர்டனுக்கு அறிவிக்கிறேன்" என்றேன். என்ன மரியாதையான குரல் அது!

மார்ச் 27, புதன்

மாடியில் ஒருத்தியும் பால் குடிக்கிறாள் இல்லை. சீரியலை ஒரேஞ் சாற்றில் போட்டுத் தின்கிறார்கள். கண்டறியாத துப்புரவு! வாயெல்லாம் பியர் நாற இரவு முழுக்க உடுத்த உடுப்போடு கிடந்தெழும்பி, குளிக்காமல் அதன் மேலே பவுடர் போடுகிற கூட்டம். பேப்பரால் துடைத்துவிட்டு வந்து அதே கையால் பாண் கூடைக்குள் துழாவுகிற கூட்டம். இவளுகளுக்கு என் தண்ணீர் அருவருப்பாம்.

எழுதும்போது வாய் நீளுகிறது. வெளியே சத்தமில்லை.

மார்ச் 29, வெள்ளி

வோர்டன் மிஸ் ஹால்டேன் அறைகளைச் சோதிக்கவேண்டும் என்றா. எல்லா அறையையும் அல்ல. "வெளிநாட்டு மாணவிகளின் அறைகளில் தொடங்கலாம்" என்றா. என்னுடைய மாடியில் வெளிநாட்டு மாணவி என்று இருப்பது சந்திரகலா ஒருத்திதான். தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும். ரியூட்டருடைய அறையைச் சோதிக்க யாருக்கு நினைவு வரும்?

கதவுகளின் திறப்புக் கொத்து என் கையில். கண்டதைப் பட்டியல் எழுதுவதும் நான். அவ கைகாட்ட நான் குனிந்து திறந்தேன். அலுமாரியின் அடித்தட்டில், சப்பாத்துக்குப் பின்னால், பிடி வைத்த பச்சைப் பிளாஸ்டிக் கோப்பை. ஈரம்.

இது எதற்கு என்று கேட்டா. தலை முழுக என்றாள் சந்திரகலா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பட்டியலில் எழுதினேன் — பச்சைக் கோப்பை, ஒன்று.

சீ. என்ன மனிசி நான்.

ஏப்ரல் 1, திங்கள்

காலமை சந்திரகலாவின் கதவுப் பிடியில் கக்கூஸ் பேப்பர் உருளை ஐந்தாறு, நூலில் கோத்து மாலை மாதிரிப் போட்டிருந்தது. எப்படிப் பாவிப்பது என்று படம் கீறி ஒரு துண்டுக் கடதாசியும். நான்தான் கழற்றினேன், அது என் வேலையில் சேர்ந்தது. அவள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

பின்னேரம் மிஸ் ஹால்டேன் என்னைக் கூப்பிட்டு, போத்தலும் சந்திரகலாவுடையதுதான் என்று முடிவைச் சொன்னா. சுகாதார விடயம், மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தான் என்ன பதில் சொல்வது, ஆகவே மே மாதம் தவணை முடிய அவள் போகவேண்டும். வியாழன் மாலை மாடிக் கூட்டத்தில் விடயம் தீர்ந்தது என்று அறிவிப்பாவாம். அதன் பிறகு மலேசியாவுக்குக் கடிதம். "ஒரே பிரதேசத்து ஆட்கள், உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும், ஆனாலும் மிகவும் நேர்மையாக நடந்தீர்கள்" என்று என்னைப் பாராட்டினா. அடுத்த வருடம் சீனியர் ரியூட்டர் ஆக்கும் எண்ணமும் இருக்காம்.

நன்றி சொல்லிப்போட்டு வந்தனான். நன்றி!

ஏப்ரல் 2, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. பொய். நிறைய இருக்கு.

ஏப்ரல் 3, புதன்

மத்தியானம் ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டாள். பஸ் பிடித்து, வழி கேட்டு. முகம் வீங்கிக் கிடந்தது. நான் மண்ணைச் சலித்துக்கொண்டே கேட்டேன், நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

கோப்பை தன்னுடையதுதான், அதை மறைக்கவில்லை, ஆனால் போத்தல் தனதில்லை என்று மூன்று தரம் சொன்னாள். தகப்பனுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லையாம். படிப்பில் தோற்றுப் போனேன் என்றாலும் எழுதலாம், இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

பிறகு: "அப்போ அது யாரோடது அக்கா?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பதில் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நம்பத்தான் விருப்பமில்லை.

நான் சலிக்கிற சத்தத்தைக் கூட்டினேன். அவள் போய்ட்டு வர்றேங்க்கா என்று போனாள்.

என்ரை பேச்சுத்துணைக்கு இந்த ஊரில் அந்தப் பெட்டையை விட்டால் தமிழில் ஒரு சீவன் இல்லை. அவளை அனுப்பிப்போட்டு நான் எந்த மண்ணைச் சலிச்சு என்ன டொக்டர் பட்டம் வாங்கப் போறன்? அதைக் கழுத்திலை கட்டிக்கொண்டு திரியவோ?

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லிப்போட்டன்.

ஒழுங்காக எழுதவேணும்.

பொது அறையில் எல்லாரும். சிலர் கதிரையில், மிச்சம் தரையில் கால் நீட்டிக்கொண்டு. சந்திரகலா கதவோரம் தனியாக. மிஸ் ஹால்டேன் எழும்பி, துரதிர்ஷ்டமான சம்பவம் என்று தொடங்கினா. நான் இடையில் எழும்பினேன். எழும்ப நினைத்து எழும்பவில்லை, கால் தானாக எழும்பியது.

"அது என்னுடைய போத்தல். உள்ளே இருந்தது தண்ணீர். கக்கூஸுக்குப் போனால் நான் தண்ணீரால் கழுவுகிறவள்."

ஒருத்தி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். மிஸ் ஹால்டேனின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரைக்கும் ஏறியது. போத்தல் ஒருநாளும் பால்காரனிடம் போனதில்லை என்று சொன்னேன். அதோடு இருந்திருக்கலாம். இருக்கேல்லை. "நான் நாள் முழுக்க மண்ணுக்குள் கை வைக்கிறவள். அந்தக் கையைப் பேப்பரால் துடைத்துப்போட்டு வந்து உங்கள் பாணைத் தொட்டால் விடுவீர்களா?" என்று பெவர்லியைப் பார்த்துக் கேட்டேன்.

விபரம் போதும் மிஸ் வரதராஜா என்று வோர்டன் சொன்னா. போதும் என்றுதான் எனக்கும் பட்டது. சந்திரகலாவின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழ எனக்கு மனமில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

மலேசியாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை என் முன்னாலேயே கிழித்துக் கூடைக்குள் போட்டா மிஸ் ஹால்டேன். சந்திரகலா இருக்கலாம். என்னைப் பற்றி: டிசம்பர் வரைக்கும் இருக்கலாம், அடுத்த வருடத்துக்கு என் பெயரைப் போடமாட்டா. கோபமாகச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னா. நான் தொட்ட கதவுப் பிடியைக் கைலேஞ்சியால் பிடித்துத் திறந்துவிட்டா. அதைக் காணாத மாதிரி வெளியே வந்தேன்.

சந்திரகலா பின்னேரம் அறைக்கு வந்து கட்டிலில் இருந்து அழுதாள். போத்தலை மறந்தது நான், பட்டியல் எழுதியதும் நான், நன்றி சொல்லாதே என்றேன். அவள் நன்றி சொல்லவே இல்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது போல இருந்தது. டிசம்பருக்குள் ஆராய்ச்சியை எழுதி முடிக்கவேண்டும். நாளைக்குத் தட்டச்சு யந்திரம் ஒன்று இரவல் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் எனக்கு இரண்டு பக்கமும் வெறும் கதிரை. நான் எடுத்த கிண்ணத்தில் பிறகு ஒருத்தியும் கரண்டி வைக்கிறாள் இல்லை. நல்லது, அவியல் உருளைக்கிழங்கு முழுக்க எனக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

சந்திரகலா ஒரு கிழமையாக என் அறைப்பக்கம் வருகிறாள் இல்லை. ஈஸ்டர் லீவுக்குப் பெவர்லி வீட்டாரோடு கடற்கரைக்குப் போய் வந்தவள். நடையில் கண்டால் ஹலோ. அக்கா இல்லை.

இன்று மத்தியானம் வேறு இடமில்லாமல் இரண்டு பேரும் என் மேசைக்கு எதிரே வந்து இருக்கவேண்டியதாகிவிட்டது. பிறகு பெவர்லி, நக்கல் இல்லாமல், அறிய வேண்டும் என்பது போல, உங்கள் நாட்டுப் பக்கம் எல்லாருமே அப்படித்தானா என்று கேட்டாள். என்னிடம் கேட்டது. சந்திரகலா முந்திக்கொண்டாள். மலேசியாவில் அப்படி ஒன்றும் கிடையாது, அது சிலோன்காரருடைய பழக்கம், தன்னுடைய கோப்பை தலை முழுகத்தான் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள். சொல்லிவிட்டு நிமிரவில்லை. தட்டில் பட்டாணியை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சந்திரகலாவிடம் கேட்கிறதுக்கு நல்ல கேள்வி நாலைந்து இருந்தது, தமிழிலேயே கேட்டிருக்கலாம், பெவர்லிக்கு விளங்கியிராது.

அப்படியா என்று பெவர்லி என்னைக் கேட்டாள்.

"ஓம், அது எங்கட சிலோன் ஆக்களின்ரை பழக்கம்தான்" என்று சொன்னன், ஆங்கிலத்தில். சந்திரகலா பட்டாணியைத் தள்ளுகிறதை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். வயிறார, வடிவாகச் சாப்பிட்டாள்.