ஃபிரிட்ஜில் வைத்த கிணற்றுத் தண்ணீர்

ஃபிசாயோ அப்பாவுக்கு,

பிள்ளைக்கு விடியற்காலையிலிருந்து மறுபடியும் வயிற்றுப்போக்கு. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். கீரைக் குழம்பு சட்டியில் இருக்கிறது, அமலாக் களி மட்டும் கிண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கிணற்றைச் சோதிக்க நர்ஸ் மருந்து போட்ட இரண்டு பாட்டில் தந்தார். ஊற்றுகிற தண்ணீர் கெட்டிருந்தால் கறுக்கும், கதகதப்பாக வைக்க வேண்டும் என்று உங்களிடமும்தான் சொன்னார். நீங்கள் ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்தீர்கள். நேற்று அதையே குடித்தனக்காரர்களிடம் தூக்கிக் காட்டினீர்கள். "பாருங்கப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு! இவ தெருவுல வாங்கிக் குடுக்குற சுட்ட சோளம்தான் பிள்ளைக்கு ஒத்துக்கல."

குளிரில் எந்தத் தண்ணீரும் கறுக்காது. இன்னொரு பாட்டிலை இரண்டு நாளாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். மேசைமேல் வைத்திருக்கிறேன். தார் மாதிரி இருக்கிறது.

கிணற்று மூடியைப் பூட்டிவிட்டேன், சாவி என்னிடம். மத்தியானம் உங்கள் அம்மா வந்தால் பாக்கெட் தண்ணீர் கொடுங்கள்.

– ஃபிசாயோ அம்மா

பி.கு.: குடித்தனக்காரர்கள் வாளியோடு வருவார்கள். ஏன் பூட்டியிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. பிள்ளை என் தோளில் கிடந்துகொண்டு இப்போதும் கேட்கிறாள்: "பாக்கெட் தண்ணி வேணாம்மா. அப்பாவோட கிணத்துத் தண்ணி குடு."