பேத்தையா, நெத்திலியா, கணவாயா

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்டி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் கிழித்துக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்னக்கா, செத்தவ படத்தப் போயி களவாங்குற?" என்றார். "மீன் மடிக்கப் பேப்பர் இல்லண்ணே" என்றேன்.

இன்று காலை அதை விரித்தேன். பசை வாடை இன்னும் போகவில்லை. அதில் உன் முகம் என்ன சொல்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருத்தி சிரிப்பு என்றாள். ஒருத்தி பசி என்றாள். மூன்றாமவள், "ஆதார் கார்டு மொகம்க்கா" என்றாள்.

திருப்பாலைக்குடி விலக்கில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து என் மண்டை உடைந்தபோது, என்னோடு மீன் கடை போடுகிற நீதான் கூட இருந்தாய். தையல் ஆறிவிட்டது. நடக்கிறேன், எடை போடுகிறேன், ஆளும் அடையாளம் தெரிகிறது. அந்த ஆள் கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்பது மட்டும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தைத்தான் கூட்டிப் படிப்பேன். முகத்தை ஒரே பார்வையில் படித்துவிடுவேன். அது போய்விட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாகக் காட்டி, "இந்த முகம் என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார். "மீன் வேணாங்குது" என்றேன். நீ சிரித்தாய். சத்தம் கேட்டதால் சிரிப்பு என்று தெரிந்தது.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. கிண்டல் பண்ணுகிறவளுக்கு எதிராளியின் முகம்தான் பிரேக். பிரேக் இல்லாமல் நான் பேசிய பேச்சில் ஒருத்தி வாங்கிய மீனை என் மேலேயே வீசிவிட்டுப் போனாள். மறுநாள் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். "பேத்தை கெடக்குக்கா" என்று நீ காதோரம் சொன்னால், பேத்தை மீன் மாதிரி எதிரே நிற்பவர் உப்பிப்போய் நிற்கிறார், வாயை மூடு. "நெத்திலி" என்றால் உதட்டோரம் சிரிப்பு, மேலே பேசலாம். "கணவாய்" என்றால் மை கக்கப்போகிறது, அழப்போகிறார். ஒருநாள் நீ அவசரமாக, "கணவாய்க்கா, கணவாய்!" என்று முணுமுணுக்க, அழ இருந்த பொம்பளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கன இருக்கு? அரைக் கிலோ போடு" என்றாள்.

கடைசியாக நாம் கடை போட்ட அன்று, ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு உனக்கு மூச்சு வாங்கியது. "ஏ புள்ள, ஒன் இஞ்சின் சத்தம் பாம்பன் வரைக்கும் கேக்குது. கப்பல் வருதுன்னு பாலத்தத் தூக்கிரப் போறாங்க" என்றேன். நீ பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய். ஊரார் முகத்துக்கெல்லாம் மீன் பேர் சொன்னவள், உன் முகத்துக்குச் சொல்லவில்லை. நான் இன்னும் ரெண்டு கிண்டல் பண்ணினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உன் வாயில் குழாய். "பேத்தையா புள்ள? எம்மேல கோவமா?" என்று குனிந்து கேட்டேன். உன் முகத்தில் ஏதோ அசைந்தது. உன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, "என்னா அது, சீக்கிரம் சொல்லு" என்றேன். அவர் உற்றுப் பார்த்தார். "எனக்கும் தெரியலக்கா" என்றார். மண்டை உடையாத மனுஷன். உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவர். அன்று சாயங்காலம் நீ போய்விட்டாய்.

அலுப்பாக இருக்கிறது, புள்ள. ஒவ்வொரு முகமும் நான் இறங்கத் தெரியாத ஊர் மாதிரி வந்து நிற்கிறது. இப்போதெல்லாம் வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்: "கோவமா, சும்மாவா?" சிலர் சொல்கிறார்கள். கேட்டதாலேயே சிலருக்குக் கோபம் வருகிறது. உன்னிடம் ஐஸ் பெட்டிப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைத்தான் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் ஒருத்தி வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். வருத்தம்தான் என்று முடிவு செய்து, பலகையில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "குடி தாயி, எல்லாம் சரியாயிரும்" என்று ஒரு டம்ளர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வைத்தேன். பிறகு அவள் மகள் வந்து சொன்னாள். அம்மாவுக்குப் பல் பிடுங்கிவிட்டு வருகிறார்களாம். சூடாக எதுவும் குடிக்கக் கூடாதாம். வாயில் பஞ்சு வைத்திருந்தார்களாம்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம், டம்ளரில் பார்த்தோம். பஞ்சு இல்லை.