சித்தம் என்று சொன்னது

என் கண்ணு,

உன் பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்று, "எல்லாம் ஆண்டவரோட சித்தம்மா" என்று வாய் தவறிச் சொன்னேன். "அப்படின்னா அந்த ஆண்டவர் எனக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போன நீ, இன்றுவரை வீட்டுப் படி ஏறவில்லை.

அதிலிருந்து தையல் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இறையியல் புத்தகம்தான். "பட்டன் தைக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று போதகர் சிரித்தார். ரோஷத்தில் இன்னும் படித்தேன். ஆண்டவர் விரும்புகிற சித்தம் வேறு, அவர் நடக்க விடுகிற அனுமதி வேறு என்று ஓர் அதிகாரம் நாற்பது பக்கம் பேசுகிறது. பாதிதான் புரிந்தது. நான் அன்று பேசியிருக்கக் கூடாது என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது.

அந்த அதிகாரத்தை என்னால் தாண்ட முடியவில்லை. பக்க அடையாளமாக அதில் வைத்திருப்பது, பேரனின் பிறந்தநாள் சட்டைக்கு எடுத்த அளவுச் சீட்டு.

இப்படிக்கு,
வாயை மூடத் தெரியாத உன் அம்மா